உங்கட காருக்கு மாசம் எவ்வளவு போகுது?

எலெக்ரிக் கார் வாங்கி இரண்டு வருடம் தாண்டிவிட்டது. பிறந்தநாள் வீடு, கோயில் பார்க்கிங், பிள்ளைகளின் தமிழ் வகுப்பு வாசல் என்று எங்கே போனாலும் யாராவது ஒருவர் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு இரண்டு கேள்வி கேட்பார். ஒருக்கா சார்ஜ் போட்டால் எவ்வளவு தூரம் ஓடும்? மாசம் எவ்வளவு போகுது? முதலாவதற்கு "அது காலநிலையைப் பொறுத்தது" என்று சொல்லித் தப்பிவிடலாம். இரண்டாவதற்கு என்னிடம் சரியான பதில் இருக்கிறது. மென்பொருள் வேலை செய்கிறவனுக்குக் கையில் தரவு இல்லாவிட்டால் நித்திரை வராது. கார் வாங்கிய நாளில் இருந்து ஒவ்வொரு சார்ஜையும் ஒரு எக்செல் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். மனைவி அதை "உங்கட மூன்றாவது பிள்ளை" என்பாள்.

போன நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த இரண்டாவது கேள்வியை மச்சான், அதாவது மனைவியின் தம்பி, கேட்டான். அவன் வாடகைக்கு ஓடுகிறவன். காலையில் எயார்போர்ட், மத்தியானம் சாப்பாட்டு டெலிவரி, பின்னேரம் திரும்ப ஆட்கள் ஏற்றுவது. ஒரு நாளைக்கு 250 கிலோமீற்றர் சாதாரணம். ஸ்காபரோவில் ஒரு தமிழர் வீட்டு பேஸ்மென்றில் மனைவியோடும் எட்டு மாதக் குழந்தையோடும் இருக்கிறான்.

"அத்தான், உண்மையாச் சொல்லுங்கோ. மாசம் எவ்வளவு போகுது?"

"இருபது டொலர்."

அவன் முகத்தில் கணக்கு ஓடுவது தெரிந்தது. டீலரிடம் போய் வந்துவிட்டான் என்பதும், 45 ஆயிரம் டொலர் காருக்கு ஏழு வருடக் கடன் பேசி வைத்திருக்கிறான் என்பதும் அடுத்த நிமிடம் வெளியே வந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"பொறு," என்றேன். "அது என்ர வீட்டுப் பிளக்கின்ர கணக்கு. உன்ர கணக்கை இருந்து போடுவம்."

அன்று சாப்பாட்டு மேசையில் போட்ட கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். எங்கள் வயதுக்காரர் வீடுகளில் இப்போது இந்தப் பேச்சு அடிக்கடி வருகிறது. அநேகமாக ஒருவரின் தொகையை இன்னொருவர் அப்படியே தூக்கிக்கொண்டு போகிறார்.

முதலில் என் இருபது டொலர் எப்படி வந்தது என்று சொல்கிறேன். என் காரின் பற்றரி 65 கிலோவாட் மணி. ஊரில் கரண்ட் பில்லில் யூனிட் என்பார்களே, அதேதான். இனி யூனிட் என்றே எழுதுகிறேன். கோடையில் ஊருக்குள் ஓடினால் 100 கிலோமீற்றருக்கு 14, 15 யூனிட் பிடிக்கும். சுவரில் இருந்து பற்றரிக்குள் போகும் வழியில் பத்து வீதமளவு வீணாகும் என்பதால் மீற்றரில் 16 யூனிட் விழும்.

ஒன்ராறியோவில் 2023 மே மாதம் 'அல்ட்ரா லோ ஓவர்நைட்' என்று ஒரு மின்கட்டணத் திட்டம் வந்தது. விரும்பியவர் கேட்டு மாறிக்கொள்ளலாம். இரவு 11 மணியில் இருந்து காலை 7 மணி வரை யூனிட் வெறும் 2.4 சதம் என்று தொடங்கியது, 2025 நவம்பர் 1 முதல் 3.9 சதம். டெலிவரி, மற்றக் கட்டணங்கள், எச்.எஸ்.ரி. எல்லாம் சேர்த்து, அரசு தரும் கழிவையும் கழித்தால் என் ஹைட்ரோ பில்லில் அந்த நேரத்து யூனிட் ஒன்று ஏறக்குறைய 6 சதத்தில் நிற்கிறது. ஆகக் கோடையில் 100 கிலோமீற்றர் ஓட ஒரு டொலர். குளிரில் ஒன்றரை டொலர். நாங்கள் மாதம் 1,600 கிலோமீற்றர் ஓடுகிறோம். இருபது டொலர் அப்படித்தான் வருகிறது. இதற்கு முன் வைத்திருந்த பெற்றோல் கார் அதே தூரத்துக்கு 190 டொலர் தின்றது.

இந்தக் கணக்கில் காரைவிடப் பெரிய ஆள் அந்த 3.9 சதம்தான். அது கிடைப்பதற்கு எனக்கு ஒரு டிரைவ்வே வேண்டும், டிரைவ்வே சுவரில் 240 வோல்ற் இணைப்பு வேண்டும், பில் என் பெயரில் இருக்க வேண்டும். மூன்றும் எனக்கு இருக்கின்றன. மச்சானுக்கு ஒன்றுமே இல்லை.

வீட்டில் பிளக் இல்லாதவர் பொது இடத்து வேகச் சார்ஜருக்குத்தான் போக வேண்டும். நான் ரொறன்ரோவிலும் 401 நெடுஞ்சாலையிலும் கட்டியதைப் பார்த்தால் யூனிட் 60 சதத்தைத் தாண்டி, வரியோடு 70 சதமளவில் நிற்கிறது. எங்கள் வீட்டு இரவு விலையைப்போல் பன்னிரண்டு மடங்கு. அதே கார், அதே றோட்டு, அதே ஓட்டுநர்.

மச்சான் இப்போது ஓடுவது பழைய ஹைபிரிட் கார். 100 கிலோமீற்றருக்கு 5 லீட்டர், குளிரில் 6. 2025 ஏப்ரலில் நுகர்வோர் கார்பன் வரி எடுபட்ட பிறகு அவன் அடிக்கும் பெற்றோல் லீட்டர் 1.35 டொலரளவில் வருகிறது. நாளைக்கு 250 கிலோமீற்றருக்கு 17 டொலர், குளிரில் 20. எலெக்ரிக் கார் வாங்கிப் பொதுச் சார்ஜரை மட்டும் நம்பினால் கோடையில் நாளைக்கு 28 டொலர், குளிரில் 40. எழுதிய தாளை அவன் பக்கம் திருப்பி வைத்தேன். கொஞ்ச நேரம் கதைக்கவில்லை.

"அப்ப பெற்றோலைவிடக் கூடவா?" என்றான் கடைசியில்.

ஹைபிரிட்டோடு ஒப்பிட்டால் ஆம், கூடத்தான். பெரிய எஞ்சின் பெற்றோல் கார் வைத்திருப்பவருக்குக் கோடையில் ஏறத்தாழச் சமமாக வரும். எலெக்ரிக் கார் எப்படியும் மலிவு என்று விற்கிறவர்களும், அது ஏமாற்று வேலை என்று வட்சப்பில் அனுப்புகிறவர்களும் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இரண்டு பக்கத்துக்கும் கையில் உண்மையான பில் இருக்கிறது. யார் எங்கே குத்தினார்கள் என்பது மட்டும் அதில் இல்லை.

அந்த மலிவுத் திட்டத்துக்குள் இன்னொரு விஷயமும் இருக்கிறது. தாத்தா, அம்மம்மாவோடு ஒரே வீட்டில் இருக்கும் குடும்பங்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இரவில் 3.9 சதம் தருகிறவன் வேலைநாட்களில் பின்னேரம் 4 மணியில் இருந்து 9 மணி வரை 39.1 சதம் எடுக்கிறான். பத்து மடங்கு. அந்த ஐந்து மணிநேரத்தில் தமிழ் வீட்டில் என்ன நடக்கிறது? பிள்ளைகள் பள்ளியால் வருவார்கள். அம்மா அடுப்பைப் போடுவார். சோறு, இரண்டு கறி, பிள்ளைகளுக்குத் தனியாகப் பாஸ்ரா, இரவுக்குப் புட்டு. நீச்சல் வகுப்பு உடுப்பு டிரையருக்குள். பாத்திரம் கழுவும் மெசின். எல்லாம் அந்த நேரத்துக்குள்தான்.

சாதாரண நேரக் கட்டணத்தில் அதே ஐந்து மணிநேரத்துச் சராசரி யூனிட்டுக்கு 15 சதமளவில் வரும். ஆகவே பின்னேரம் பாவிக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 24 சதம் கூடக் கட்டுகிறோம். தினமும் ஒரு யூனிட் என்றால் வருடத்து வேலைநாட்களுக்கு 60 டொலர். மறுபக்கம், சாதாரணத் திட்டத்தின் இரவு விலை 9.8 சதம். வருடம் 20,000 கிலோமீற்றர் ஓடும் எங்கள் காருக்கு இந்தத் திட்டத்தால் மிச்சம் 250 டொலரளவு. கூட்டிக் கழித்தால் பின்னேரம் தினமும் நாலைந்து யூனிட்டுக்கு மேல் போகும் வீட்டில் காரில் மிச்சம் பிடித்தது அடுப்படியில் கரைந்துவிடும். கரண்ட் அடுப்பும் அவணும் ஒரு மணிநேரம் ஓடினால் இரண்டு மூன்று யூனிட். டிரையர் ஒருதரம் சுற்றினால் மூன்று. கோடையில் ஏசி தனி.

இதை அம்மாவுக்கு விளங்கப்படுத்தினபோது, "கரண்ட் காசுக்குப் பயந்து பிள்ளையள் பசியோட இருக்கிறதே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. சமையலில் கை வைக்கத் தேவையில்லை என்று சொன்னேன். டிரையரையும் பாத்திர மெசினையும் இரவு 11 மணிக்கு மேல் ஓட வைத்தோம், அவ்வளவுதான். கோடையில் ஏசியைப் பின்னேரம் 3 மணிக்கே போட்டு வீட்டைக் குளிரவிட்டு 4 மணிக்குக் குறைக்கிறோம். இப்போது எங்கள் பின்னேரச் செலவு மூன்று யூனிட் சொச்சம். அம்மா 4 மணிக்கு முதலே கறியை இறக்கிவிட்டு "உங்கட கரண்ட் காரனுக்குக் காட்டினன்" என்று சிரிப்பார். ஆனால் எல்லா வீட்டிலும் இது சரிவராது. பேஸ்மென்றில் வாடகைக்கு ஆள் இருந்து, ஒரே மீற்றரில் இரண்டு அடுப்பு எரியும் வீட்டில் இந்தத் திட்டத்துக்கு மாறுமுன் ஒரு மாதப் பில்லை மணித்தியாலக் கணக்கில் எடுத்துப் பாருங்கள். மின்சார நிறுவனத்தின் இணையக் கணக்கில் அது இருக்கும்.

இனித் தூரத்துக்கு வருகிறேன். கனடா அரசின் லேபிள் என் காருக்கு 420 கிலோமீற்றர் என்கிறது. லேபிள் பொய் சொல்லவில்லை. ஐரோப்பாவில் ஒட்டும் எண்ணோடு ஒப்பிட்டால் இங்கத்தைய எண் கறாரானது. மே மாதத்தில் ஊருக்குள் ஓடினால் நான் 440 வரை பார்த்திருக்கிறேன். கோடையில் 401 இல் 110 வேகத்தில் போனால் 380. மைனஸ் 15 இல் அதே வேகம் என்றால் 260. மூன்றும் ஒரே கார்.

வேகத்தின் கணக்கு கொடுமையானது. காற்றைக் கிழிக்கும் சுமை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 100 இல் போகிறவன் 120 இல் போனால் காற்றுக்கு மட்டும் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் 44 வீதம் கூடக் கொடுக்க வேண்டும். குளிர்காற்று அடர்த்தியும் கூட. மைனஸ் 15 இல் காற்று 20 பாகையில் இருப்பதைவிட 13 வீதமளவு கனமானது. பெற்றோல் காருக்கும் இதெல்லாம் உண்டு. ஆனால் அதன் எஞ்சின் எரிக்கும் பெற்றோலில் பெரும்பங்கை வெப்பமாக வீணாக்குகிறது. அந்த வீண் வெப்பத்தில்தான் நாங்கள் இத்தனை வருடம் இலவசமாகக் குளிர் காய்ந்தோம். எலெக்ரிக் காரில் வீணாகும் வெப்பம் மிகக் குறைவு, ஆகவே ஹீற்றருக்கு வேண்டியதைப் பற்றரியில் இருந்து எடுக்க வேண்டும். குளிரில் பற்றரியும் தன்னைக் கொஞ்சம் சூடாக்கிக்கொள்ளும்.

இதனால்தான் சின்னச் சின்ன ஓட்டம் வின்ரரில் மோசம். பள்ளிக்கு 3 கிலோமீற்றர், கடைக்கு 4, தமிழ் வகுப்புக்கு 5 என்று ஒவ்வொருதரமும் ஆறிப்போன காரைத் திரும்பச் சூடாக்கினால் 100 கிலோமீற்றருக்கு 30 யூனிட் வரைக்கும் போகும். நான் காலை 6.50க்கு, பிளக்கில் இருக்கும்போதே, கார் சூடாகும்படி நேரம் வைத்திருக்கிறேன். 7 மணிக்குள் என்றால் அதுவும் 3.9 சதத்துக்குள். பிள்ளைகள் ஜக்கெற்றைத் திறந்துகொண்டு ஏறுவார்கள்.

என் கணக்கு மட்டும்தானா இப்படி என்று கேட்பவர்களுக்கு: சி.ஏ.ஏ. அமைப்பு 2025 பெப்ரவரியில் ஒட்டாவாவில் இருந்து மொன்-ற்றம்ப்ளான் வரை பல எலெக்ரிக் கார்களை ஒன்றாக ஓட்டிப் பார்த்தது. மைனஸ் 7 முதல் மைனஸ் 15 வரை குளிர். லேபிள் தூரத்தில் 14 வீதம் குறைந்த காரும் இருந்தது, 39 வீதம் குறைந்த காரும் இருந்தது. என் காரின் 260ஐக் கணக்குப் பார்த்தால் 38 வீதம், அந்தப் பட்டியலின் அடிமட்டத்தில் வரும். எந்தக் கார் வாங்குகிறோம் என்பதும் குளிரில் பெரிய வித்தியாசம்தான்.

போன வருடம் ஜனவரிக் கடைசியில் மொன்றியலில் பெரியம்மாவின் பேத்திக்குச் சாமத்தியவீடு. அந்தப் பயணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ரொறன்ரோத் தமிழருக்கு மொன்றியல் போவதுதான் காருக்கு வைக்கும் சோதனை. ஸ்காபரோவில் இருந்து 525 கிலோமீற்றர். கோடையில் நான் மலோரிரவுன் சேவை நிலையத்தில் ஒரே ஒருதரம்தான் நிற்பேன். முக்கால் மணிநேரம். பிள்ளைகள் கழிவறை போய், கட்டிக்கொண்டு வந்த சான்ட்விச்சைச் சாப்பிட்டு முடிக்க நேரம் சரியாக இருக்கும். வீட்டில் நிரப்பியது 4 டொலர், வழியில் 29. மொத்தம் 33. ஹைபிரிட்டில் போனால் 37 டொலரளவு. பெரிய வித்தியாசமில்லை.

அந்த ஜனவரிச் சனிக்கிழமை மைனஸ் 15. நாங்கள் நாலு பேர், அம்மா, பின்னுக்கு இரண்டு பெட்டி பலகாரம், ஒரு மடித்த சாறிப் பெட்டி. 100 வீதத்தோடு 6.45க்கு வெளிக்கிட்டோம். ற்றென்ரனுக்கு வர 42 வீதம். 85 வரைக்கும் ஏற்ற 35 நிமிடம். மலோரிரவுனுக்கு வர 25 வீதம். அங்கே ஒரு சார்ஜர் வேலை செய்யவில்லை, மற்றதில் ஆள். இருபது நிமிடம் காத்திருந்தோம். பிறகு 80 வரை ஏற்ற 45 நிமிடம். இனிச் சமாளிக்கலாம் என்று கார் சொன்னது, ஆனால் எதிர்க்காற்று. கோர்ன்வோலில் இன்னொரு இருபது நிமிடம் நின்றோம். பெரியம்மா வீட்டுக்குள் நுழையும்போது இரண்டரை மணி, பற்றரியில் 25 வீதம். வழியில் மட்டும் 82 யூனிட், 57 டொலர். வீட்டில் இருந்து கொண்டுபோனதோடு 61. ஹைபிரிட் என்றால் 45க்கு முடிந்திருக்கும், இரண்டு மணிநேரம் முந்தியும் போயிருப்போம்.

பிள்ளைகளுக்கு அந்தப் பயணம் பிடித்துக்கொண்டது வேறு விஷயம். மூன்று இடத்திலும் இறங்கி ஓடினார்கள். அம்மாவுக்கு முழங்கால் பிடிக்கவில்லை, அதற்குக் காரணம் இந்த நிற்பாட்டல்தான் என்று அவரே சொன்னார். நான் இதை எக்செலில் எழுத இடமில்லாமல் விட்டுவிட்டேன்.

குளிரில் வேகச் சார்ஜர் ஏன் மெல்ல ஏற்றுகிறது என்று பலர் கேட்பார்கள். ஆறிப்போன பற்றரிக்குள் வேகமாகத் தள்ளினால் அது பழுதாகும், ஆகவே கார் தானே மறிக்கிறது. போகிற சார்ஜரை வழிகாட்டியில் குறித்துவிட்டு ஓடினால் பல கார்கள் வழியிலேயே பற்றரியைச் சூடாக்கத் தொடங்கும். என் கார் அதைச் செய்தும்தான் அந்த 45 நிமிடம். 80 வீதத்துக்கு மேல் ஏற்றுவதை நான் நெடுஞ்சாலையில் செய்வதில்லை. குடம் நிறைய வரும்போது தண்ணீரை மெல்ல ஊற்றுவதுபோல, கடைசி இருபது வீதத்துக்கு முன்னைய ஐம்பது வீதத்தின் நேரம் போகும். பின்னால் வரிசையில் நிற்கிறவரும் பாவம். இன்னொன்று, 2023 வரை கனடாவில் சார்ஜர்கள் நிமிடக் கணக்கில்தான் காசு எடுத்தன. அளவைகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு அந்த வருடம் அனுமதி கொடுத்த பிறகுதான் யூனிட் கணக்கு பரவலாக வந்தது. நிமிடக் கணக்கு இன்னும் இருக்கும் இடத்தில் குளிர்நாளில் குத்துமுன் யோசியுங்கள். அதே நிமிடத்துக்குப் பாதிக் கரண்ட்தான் வரலாம்.

பெரியம்மா வீட்டு வாசலில் இருந்த சாதாரண 120 வோல்ற் பிளக்கில் இரவு முழுக்கப் போட்டோம். 18 மணிநேரத்தில் 25 யூனிட் ஏறியது. பெரியப்பா ஜன்னலால் எட்டிப் பார்த்து, "வந்தவையைவிடக் கார்தான் கூடச் சாப்பிடுது" என்றார். கியூபெக்கில் வீட்டுக் கரண்ட் யூனிட் 7 சதமளவில். இரண்டு டொலர்கூட இல்லை என்று சொல்லியும் அவர் நம்பவில்லை.

அந்தச் சாதாரண பிளக்கை நான் மதிக்கிறேன். ஒரு இரவு எட்டு மணிநேரத்தில் 11 யூனிட் தரும். கோடையில் 60, 65 கிலோமீற்றர், குளிரில் 40. வேலைக்கும் பள்ளிக்குமாக ஓடும் பெரும்பாலான குடும்பங்களுக்கு அதுவே போதும், ஆயிரக்கணக்கில் செலவழித்து 240 வோல்ற் போடத் தேவையில்லை. மலிவு எக்ஸ்ரென்சன் வயரை மட்டும் பாவிக்காதீர்கள், மணிக்கணக்கில் ஓடும் கரண்டுக்கு அது சூடாகும். ஒயில் மாற்றுவது இல்லாமல் போனதும், ரயர் கொஞ்சம் வேகமாகத் தேய்வதும், இன்சூரன்ஸ் கூடினதும் என் கணக்கில் ஒன்றோடொன்று கழிந்துவிட்டன.

மச்சானுக்கு 120 வோல்ற் காணாது. நாளைக்கு 250 கிலோமீற்றர் என்றால் குளிரில் 60 யூனிட் வேண்டும். 240 வோல்றில் என் சார்ஜர் மணிக்கு 7.7 யூனிட் ஏற்றும், அதற்கே எட்டு மணிநேரம். அந்த இணைப்பு வீட்டுக்காரரின் கையில். கொண்டோ வாங்கி இருப்பவர் சார்ஜர் போட விண்ணப்பிக்க ஒன்ராறியோவில் 2018 முதல் விதிகள் இருக்கின்றன. பேஸ்மென்றில் வாடகைக்கு இருப்பவர் வீட்டுக்காரரிடம் கேட்டுப் பார்க்கத்தான் வேண்டும். ஆகவே டிசம்பரில் அவனும் நானும் ஒரு கேக் பெட்டியோடு மேலே போய்க் கதவைத் தட்டினோம்.

அங்கிள் நல்ல மனிதர். ஓய்வெடுத்தவர். தேத்தண்ணி தந்து முழுவதையும் கேட்டார். பிறகு, "தம்பி, நீங்கள் சொல்லுறது விளங்குது. ஆனா நான் அந்த இரவுத் திட்டத்துக்கு மாறமாட்டன். அன்ரி நாலு மணிக்குத்தான் சமையல் தொடங்குறவ. கீழ பிள்ளைக்கும் அந்த நேரந்தான் சமைக்கினம்" என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. இரண்டு அடுப்பு வீட்டில் அந்த 39.1 சதம் அவரைத்தான் கடிக்கும்.

ஆனால் அவர் மாறத் தேவையே இல்லை. தாளை எடுத்துக் காட்டினேன். அவரின் இப்போதைய சாதாரணத் திட்டத்திலேயே இரவு 7 முதல் காலை 7 வரை 9.8 சதம்தான். எல்லாம் சேர்த்து 12 சதமளவில் விழும். மச்சான் தன் சார்ஜருக்குத் தனி மீற்றர் வைத்து யூனிட்டுக்கு 15 சதம் கொடுத்தால்கூட அவனுக்கு நாளைக்கு 6 முதல் 9 டொலர். ஹைபிரிட்டின் பெற்றோலில் பாதிக்கும் குறைவு. அங்கிளுக்கும் கைக்காசு போகாது. மாதம் 25 நாள் ஓடினால் பொதுச் சார்ஜர் 700 முதல் 1,000 டொலர், ஹைபிரிட் 425 முதல் 500, அங்கிளின் பிளக் 150 முதல் 230. ஒரு குழந்தையோடு பேஸ்மென்றில் இருக்கிற வீட்டுக்கு அந்த நடுவில் உள்ள காசு வாடகையில் ஒரு பங்கு.

அவர் தாளைக் கனநேரம் பார்த்தார். பிறகு கேட்டதுதான் உண்மையான கேள்வி.

"பனல் 100 அம்ப்ஸ். இரண்டு அடுப்பு இருக்கு. இதையும் பூட்டினா தாங்குமோ? நெருப்புப் பிடிச்சா இன்சூரன்ஸ்காரன் என்ன சொல்லுவான்? இவர் நாளைக்கு வீடு மாறினா அந்தப் பெட்டியை என்ன செய்யிறது?"

உரிமமுள்ள எலெக்ரிசியன் வீட்டின் சுமையைக் கணக்குப் பார்த்து, மின்சாரப் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவித்துத்தான் பூட்ட வேண்டும் என்று சொன்னேன். வீட்டில் சுமை ஏறும்போது சார்ஜரைத் தானாக நிறுத்தும் கருவிகள் இருக்கின்றன, 100 அம்ப்ஸ் வீடுகளுக்கு அவை உதவும். செலவை மச்சான் பொறுப்பான். மூன்றாவது கேள்விக்கு மட்டும் என்னிடம் கணக்கு இருக்கவில்லை. இரண்டாயிரம், மூவாயிரம் டொலர் போட்டுப் பூட்டிவிட்டு ஒரு வருடத்தில் வெளியேறச் சொன்னால் அவனுக்கு நட்டம். வேறு ஒருவர் வீட்டுச் சுவரில் அவன் காசு தொங்கிக்கொண்டிருக்கும். எழுத்தில் இரண்டு வருட வாடகை ஒப்பந்தம் கேட்கலாம் என்று மச்சான் தானே சொன்னான். அங்கிள் அதற்கு ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"மகனிட்டக் கேட்டுச் சொல்லுறன்."

மகன் மார்க்கத்தில் இருக்கிறார், எங்கள் வயது. இரண்டு நாளில் எனக்கு அழைத்தார். முதல் கேள்வி, "ஒருக்கா சார்ஜ் போட்டா எவ்வளவு தூரம் ஓடும்?" மாதத்தைச் சொல்லுங்கள், தூரத்தைச் சொல்கிறேன் என்றேன். சிரித்தார். எக்செல் தாளை அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். தனக்கும் ஒரு கார் பார்க்கிறாராம்.

சனிக்கிழமை எலெக்ரிசியன் பனலைத் திறந்து பார்க்க வருகிறார். டீலர் இந்த வாரம் மச்சானுக்கு மூன்றுதரம் அழைத்திருக்கிறார். அவன் இன்னும் எடுக்கவில்லை.